ஃபைப்ராய்டு என்று நினைத்துத் துண்டாக்கிய கட்டி: ஏமி ரீட், ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பப்பையில் வரும் அரிய புற்றுநோய்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், எங்கு சுற்றினாலும் ஒரே ஒரு நோயாளியிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஏமி ரீட். அமெரிக்காவில் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர், கணவர் ஹூமன் நூர்ச்சஷ்ம் இதய அறுவை மருத்துவர், ஆறு பிள்ளைகள். இருவரும் மருத்துவம் தெரிந்தவர்கள், நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகள் நடந்துபோகும் தூரத்தில், காப்பீட்டுக்கும் பிரச்சினையில்லை. இவ்வளவும் இருந்தும் நடந்ததைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

என்ன நடந்தது

ரீட்டுக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள் (கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டிகள்) இருந்தன, தொந்தரவும் இருந்தது. இதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் ஸ்கேன் வைத்துத் தேடிப் பார்த்த ஒரு ஆய்வில் ஐம்பது வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேலும் ஃபைப்ராய்டு இருந்தது. பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளில் புற்றுநோய் என்று எதுவும் தெரியவில்லை. 2013 அக்டோபரில், அவருக்கு 40 வயதில், பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் போடுவது ஒரு விரல் நுழையும் அளவுத் துளை. கட்டியோடு வீங்கிய கர்ப்பப்பை அந்தத் துளை வழியாக வராது, பிறப்புறுப்பு வழியாகவும் எப்போதும் வராது. அதனால் வயிற்றுக்குள்ளேயே அதைத் துண்டு துண்டாக்கி வெளியே இழுப்பார்கள். இதற்கென்று இருக்கும் கருவிதான் பவர் மார்சலேட்டர்: ஒரு வெற்றுக் குழாய், அதன் முனையில் சுழலும் வட்டக் கத்தி. குழாய்க்குள் விடும் இடுக்கியால் கர்ப்பப்பையைப் பிடித்து இழுக்க இழுக்க, கத்தி அதை நீள நீளமான உருளைகளாகச் சீவிக்கொண்டே வெளியே அனுப்பும். இழுக்கும்போது சின்னச் சின்னத் துணுக்குகள் தெறித்து விழும், குடலுக்கிடையே, கல்லீரலுக்கு அடியில், எங்கு வேண்டுமானாலும். பெரிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள், கழுவியும் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாததை யாரும் பொறுக்க முடியாது. சாதாரண ஃபைப்ராய்டு என்றால் இது பெரிய விஷயமில்லை. எப்போதாவது அந்தத் துணுக்கு குடல்மடிப்பில் ஒட்டி வளர்ந்து இன்னொரு அறுவைக்குக் காரணமாகும், அவ்வளவுதான்.

ரீட்டின் திசு லேபுக்குப் போனது. சில நாட்களில் ரிப்போர்ட் வந்தது: லெயோமயோசார்கோமா. கர்ப்பப்பையின் தசையில் பிறக்கும் புற்றுநோய். சுழலும் கத்தியால் அதைச் சீவியாகிவிட்டது, வயிற்றுக்குள்ளேயே.

லேபில் இதை எப்படிச் சொல்கிறார்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் பக்கத்தில் யாருக்கும் தெரியாமலே தீர்ப்பு எழுதப்படும் இடம் இதுதான்.

கர்ப்பப்பை முழுசாக வந்தால், திசுவைப் பரிசோதிக்கும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் அதை எடை போட்டு, அளந்து, இரு பக்கமும் வெட்டித் திறந்து, கட்டிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்பார். நல்ல ஃபைப்ராய்டை அறுத்தால் வெட்டிய பரப்பு வெள்ளையாக, கெட்டியாக, நூல்கண்டைக் குறுக்கே அறுத்ததுபோல் சுருள் சுருளாக இருக்கும். அறுத்தவுடன் விளிம்பைத் தாண்டிப் புடைத்துக்கொண்டு நிற்கும், சுற்றியுள்ள தசையிலிருந்து விரலாலேயே பெயர்த்துவிடலாம். சார்கோமா (தசை போன்ற திசுக்களில் பிறக்கும் புற்றுநோய், லெயோமயோசார்கோமா அதில் ஒரு வகை) அப்படி இருக்காது. மெத்தென்று, சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றாக, நடுவில் ரத்தக்கசிவும் அழுகலும், விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாமல். பத்துக் கட்டி இருந்தால் பெரும்பாலும் அதில் ஒன்றுதான் இப்படி இருக்கும், அது ஆகப் பெரியதாக இருப்பதும் வழக்கம். பார்த்தவுடன் சந்தேகம் வரும், அந்த இடத்திலிருந்து கூடுதலாகத் துண்டுகள் எடுப்பார், சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில்.

மார்சலேட்டரிலிருந்து வருவது ஒரு டப்பா நிறைய உருளைத் துண்டுகள். எது எந்தக் கட்டியிலிருந்து வந்தது, விளிம்பு எது, கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேலா கீழா, ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து சென்டிமீட்டர் என்பது சும்மா சொன்னதில்லை. உலக மகளிர்நோய் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2009இல் கர்ப்பப்பைச் சார்கோமாக்களுக்கென்று தனியாகக் கொண்டுவந்த நிலைப் பிரிப்பில், கர்ப்பப்பைக்குள் அடங்கிய லெயோமயோசார்கோமா ஐந்து சென்டிமீட்டர் வரை இருந்தால் 1ஏ, அதற்கு மேல் 1பி. இடுப்புக்குழிக்குப் பரவினால் இரண்டு, வயிற்றுத் திசுக்களுக்குப் போனால் மூன்று, சிறுநீர்ப்பை மலக்குடலுக்குள் ஊடுருவினாலோ தொலைவில் போனாலோ நான்கு. துண்டுகளாக வந்தால் இந்தக் கணக்கையே ஒழுங்காகப் போட முடியாது. அதைவிட, நூற்றுக்கணக்கான துண்டுகளில் லேப் பார்ப்பது ஒரு பங்கைத்தான், தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது மூன்று கேள்விகள். செல்களின் உட்கரு கோணல்மாணலாக இருக்கிறதா? நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும் பத்துப் பார்வைப் பரப்புகளில் பிரியும் செல்கள் எத்தனை, பத்துக்கு மேல் போகிறதா? கட்டி செத்துப்போன இடம் இருந்தால், உயிருள்ள பகுதியிலிருந்து சட்டென்று கோடு போட்டதுபோல் மாறுகிறதா? மூன்றாவதுதான் முக்கியம், ஃபைப்ராய்டும் உள்ளே சாகும், ஆனால் அது மெதுவாகச் சாகும், இடையில் வடுத்திசு இருக்கும். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த பெரிய ஆய்வு ஒன்று இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது, இன்றும் அதுதான் அடிப்படை. மூன்றில் ஒன்று பாதி இருந்து மற்றது இல்லை என்றால் 'ஸ்டம்ப்' என்று எழுதுவார்கள், அதாவது நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத தசைக்கட்டி. நோயாளியிடம் போய்ச் சேரும் ரிப்போர்ட்களிலேயே இது மிகவும் குழப்பமானது, அதை வாங்கிக்கொண்டு வருபவரைப் பல டாக்டர்கள் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதும் தவறு, 'புற்றுநோய்' என்று கீமோ போடுவதும் தவறு.

அறுவை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டே, அதில் தெரியாதா என்று கேட்பார்கள். பிரியும் செல்களை எண்ண வேண்டிய கட்டிக்கு அந்த அவசரப் பார்வை போதாது. சார்கோமாவை அது பலமுறை தவறவிடும்.

முன்கூட்டியே பிடித்திருக்க முடியுமா

நேர்மையான பதில்: பெரும்பாலும் முடியாது, சில நேரம் சந்தேகப்படலாம்.

அறிகுறிகள் ஒன்றே. அதிக உதிரப்போக்கு, அடிவயிற்றில் பாரம், அடிக்கடி சிறுநீர். ஃபைப்ராய்டுக்கும் அதுதான், சார்கோமாவுக்கும் அதுதான். 'வேகமாக வளர்ந்தால் புற்றுநோய்' என்று பழைய பாடப்புத்தகங்களில் இருந்தது, டாக்டர்களில் பலர் இன்னும் அதையே சொல்கிறார்கள். 1994இல் கலிஃபோர்னியாவில் வேகமாக வளர்கிறது என்பதற்காகவே அறுவை செய்த 371 பெண்களைப் பார்த்தார்கள், அவர்களில் சார்கோமா இருந்தது ஒரே ஒருவருக்கு. வேகம் மட்டும் எதையும் சொல்வதில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு, ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடாமல், ஒரு கட்டி புதிதாக வளர்ந்தால் அது வேறு கதை. ஃபைப்ராய்டு ஈஸ்ட்ரோஜனை நம்பிப் பிழைப்பது, மாதவிடாய் நின்றால் சுருங்க வேண்டும். சுருங்க வேண்டிய வயதில் வளர்வதை யாரும் 'பார்த்துக்கலாம்' என்று விடக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காகப் பல ஆண்டுகள் டமாக்ஸிஃபென் எடுத்தவர்கள், இடுப்பில் எப்போதோ கதிர்வீச்சு வாங்கியவர்கள், குழந்தைப் பருவத்தில் பரம்பரை விழித்திரைப் புற்றுநோய் வந்தவர்கள், இவர்கள் விஷயத்திலும் இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பயாப்ஸி? கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வைச் சுரண்டி எடுக்கும் பயாப்ஸி, சவ்வில் பிறக்கும் வழக்கமான புற்றுநோய்க்கு அருமையான சோதனை. லெயோமயோசார்கோமா பிறப்பது தசைக்குள், சவ்வுக்கு அப்பால். கட்டி சவ்வை அரித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தால்தான் அகப்படும். ஆகவே 'பயாப்ஸி நார்மல்' என்பது பாதி ஆறுதல் மட்டுமே. வயிற்று வழியாக ஊசி விட்டு எடுப்பதைத் தவிர்ப்பார்கள், ஊசி போன பாதையில் செல் சிந்தும் என்ற பயம் ஒன்று, ஊசி போன இடம் நல்ல பகுதியாக இருந்து ஏமாற்றிவிடும் என்பது இன்னொன்று. ஜப்பானில் சிலர் கர்ப்பப்பை வாய் வழியாக ஊசி விட்டுப் பார்த்திருக்கிறார்கள், பரவலாகவில்லை.

எம்.ஆர்.ஐ.தான் இருப்பதில் உருப்படியானது. ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே ரத்தக்கசிவு, சாயம் செலுத்தினால் ஒளிராத நடுப்பகுதி, டிஃப்யூஷன் படத்தில் நீர் நகர முடியாமல் அடைபட்டிருப்பது, இவை சேர்ந்து வந்தால் ரேடியாலஜிஸ்ட் எச்சரிக்கை எழுத வேண்டும். 2002இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில் சாயம் செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவையும் சேர்த்துப் பார்த்தபோது, 10 சார்கோமாக்களையும் அழுகிய ஃபைப்ராய்டு 130ஐயும் நன்றாகவே பிரிக்க முடிந்தது. பத்தே பத்து சார்கோமா என்பதைக் கவனியுங்கள். அரிய நோயின் தலைவிதி இதுதான், நிரூபிக்கப் போதுமான நோயாளிகளே கிடைப்பதில்லை. அதோடு நடைமுறையில் ஃபைப்ராய்டு என்று வரும் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இல்லை, எடுத்தாலும் அழுகிய ஃபைப்ராய்டு சார்கோமா மாதிரியே வேஷம் போடும்.

ஆக, யாருக்கு இருக்கிறது என்று அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல வழியில்லை. அப்படியென்றால் மீதமுள்ள கேள்வி ஒன்றுதான்: இருக்கிறதோ இல்லையோ, இருந்தாலும் சிந்தாத மாதிரி எடுக்க முடியுமா? ரீட் விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரு எண்ணை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாயிரத்தில் ஒன்று

அந்தக் காலத்தில் நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்லப்பட்டது, ஃபைப்ராய்டு என்று எடுப்பதில் சார்கோமா இருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்பது. எங்கிருந்து வந்தது என்று யாரும் பெரிதாகத் துருவவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது, ரீட்டின் அறுவை நடந்த அதே பிரிகம் மருத்துவமனையின் பேத்தாலஜி ஆட்களே 2012இல், அதாவது ஒரு வருடம் முன்பே, இதை எண்ணிப் பார்த்து வெளியிட்டிருந்தார்கள் என்பதுதான். மார்சலேட்டர் போட்ட 1,091 பேரில் எதிர்பாராத சார்கோமா 0.09 விழுக்காடு, நோயாளிகளிடம் சொல்லப்படும் அளவைப்போல் ஒன்பது மடங்கு என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று. ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் எண்ணியது இன்னொரு மாடியில் ஒப்புதல் படிவம் வாசிப்பவர் காதுக்குப் போகவில்லை.

நூர்ச்சஷ்ம் சும்மா இருக்கவில்லை. மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எம்.பி.க்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இடைவிடாமல் மின்னஞ்சல் அனுப்பினார். எழுதிய தொனி கடுமையாக இருந்தது என்று சக மருத்துவர்களே முகம் சுளித்தார்கள். 2013 டிசம்பரில் செய்தி பெரிய பத்திரிகைகளில் வந்தது. 2014 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது: ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்யப்படும் பெண்களில் 350 பேருக்கு ஒருவருக்குத் தெரியாத சார்கோமா இருக்கலாம், லெயோமயோசார்கோமா என்று மட்டும் பார்த்தால் 498க்கு ஒன்று. அந்த மாதக் கடைசியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மார்சலேட்டர்களின் விற்பனையை நிறுத்தியது, ஜூலையில் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. நவம்பரில் கருவியின் மீது கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது எஃப்.டி.ஏ.: மாதவிடாய் நிற்கும் தறுவாயிலோ நின்ற பிறகோ இருப்பவர்களுக்கும், முழுசாக எடுக்க வேறு வழி இருப்பவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக்கூடாது.

பிறகு எண்களின் சண்டை ஆரம்பித்தது. எஃப்.டி.ஏ. மிகைப்படுத்திவிட்டது என்றது ஒரு தரப்பு. வேறு ஆய்வுகளைத் திரட்டியவர்களுக்கு லெயோமயோசார்கோமா இரண்டாயிரத்தில் ஒன்று போலத்தான் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டியபோது மார்சலேட்டர் போட்ட 36,470 பெண்களில் 99 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய், அதாவது 10,000க்கு 27, ஆனால் அதில் எல்லா வகைப் புற்றுநோயும் அடக்கம். 2017இல் எஃப்.டி.ஏ. தன் கணக்கையே திருத்தி, சார்கோமா 225க்கு ஒன்றிலிருந்து 580க்கு ஒன்று, லெயோமயோசார்கோமா 495க்கு ஒன்றிலிருந்து 1,100க்கு ஒன்று என்று ஒரு வீச்சாகச் சொன்னது. இந்த எண்களில் எது சரி என்று இன்றும் விவாதம் ஓயவில்லை. ஆனால் எதை எடுத்தாலும் பத்தாயிரத்தில் ஒன்று என்பது ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் தெரிகிறது. இன்னொன்று: அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2017 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தக் கருவிகளுக்கு 1991இலிருந்தே அனுமதி கொடுத்து வந்த எஃப்.டி.ஏ.வுக்கு, புற்றுநோய் பரவியது பற்றிய முதல் புகார் வந்தது 2013 டிசம்பரில். இருபது வருடம் யாரும் எழுதிப்போடவில்லை. நடக்கவில்லை என்பதால் அல்ல, அறுவை செய்தவர் வேறு, புற்றுநோய் பார்த்தவர் வேறு, இரண்டையும் முடிச்சுப் போட ஆள் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும், அது வெறும் சப்பைக்கட்டு அல்ல. மார்சலேட்டரை நிறுத்தினால் பெரிய கட்டிக்காரர்கள் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொள்ள வேண்டும். ரத்த இழப்பு, தொற்று, காலில் ரத்தக்கட்டு எல்லாம் அதில் கூடுதல். மிச்சிகன் மாநிலத்தில் எச்சரிக்கைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது லேப்ராஸ்கோப்பி குறைந்தது, பெரிய சிக்கல்கள் 2.2 விழுக்காட்டிலிருந்து 2.8 ஆகக் கூடின. ஒரு ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் இது சிறிய எண் இல்லை. என் கருத்து இதுதான்: இரண்டு ஆபத்துகளையும் மேசையில் வைத்து நோயாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் இது விவாதம், ஒன்றை மட்டும் மறைத்துவிட்டு இன்னொன்றைக் காட்டியது விவாதமே இல்லை.

மார்சலேட்டர் உண்மையிலேயே எவ்வளவு கெடுதல் செய்கிறது? சியோலில் 56 லெயோமயோசார்கோமா நோயாளிகளைப் பார்த்த 2011 ஆய்வில், கட்டி துண்டாக்கப்பட்ட 25 பேரில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 46 விழுக்காடு, முழுசாக எடுத்த 31 பேரில் 73. எண்ணிக்கை சிறியது, துண்டாக்கியதிலும் பெரும்பகுதி கையால் கத்தி வைத்துச் செய்தது. அப்புறம் இதையும் மறக்கக்கூடாது, முழுசாகவே எடுத்தாலும், கர்ப்பப்பைக்குள் அடங்கிய நிலையிலேயே எடுத்தாலும், லெயோமயோசார்கோமா பாதிப்பேருக்கு மேல் திரும்பி வரும். ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போவது அதன் சுபாவம். ரீட் கருவி இல்லாமலே தப்பியிருப்பாரா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவருக்கு நோய் முற்றிய நிலைக்குப் போனது வயிற்றுக்குள் பரவியதால். அந்தப் பங்கு கருவியுடையது.

வைத்தியம்

இந்த நோய்க்கு உருப்படியான மருந்து ஒரே ஒன்று, அறுவை. கர்ப்பப்பையை உடைக்காமல், ஒரே துண்டாக. சின்ன வயதுப் பெண்ணாக இருந்து நோய் கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்தால் சினைப்பைகளை விட்டுவைக்கலாம். நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுக்க வேண்டியதில்லை, இந்தக் கட்டி அங்கு போவது மிகக் குறைவு. தெரியாமல் துண்டாக்கிவிட்டால் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்து மிச்சத்தை எடுப்பது வழக்கம். ரீட்டுக்கும் உடனே பெரிய மறு அறுவையும் கீமோவும் நடந்தன.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு, வராமல் தடுக்கக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கலாமா என்பது பெரிய ஏமாற்றக் கதை. ஐரோப்பாவில் நடந்த சோதனையில் இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்ததால் லெயோமயோசார்கோமாவில் யாரும் கூடுதலாக வாழவில்லை, உள்ளூரில் திரும்புவதும் குறையவில்லை. கீமோவுக்கு அமெரிக்காவில் ஜி.ஓ.ஜி. 277 என்ற சோதனை: ஜெம்சிடபினும் டோசிடாக்செலும், அப்புறம் டாக்ஸோரூபிசின், மற்ற பாதிப்பேருக்கு வெறும் கண்காணிப்பு. 216 பேர் வேண்டும் என்று தொடங்கி 38 பேர்தான் சேர்ந்தார்கள், மூடிவிட்டார்கள். கிடைத்த மட்டில் கீமோ கொடுத்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் பல இடங்களில் கீமோ போடுகிறார்கள், சும்மா விட மனசு வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன், நோயாளிக்கும் டாக்டருக்கும்.

பரவிவிட்ட நோய்க்கு வேறு கணக்கு. வார்டில் எல்லாரும் 'செவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் பல பத்தாண்டுகளாக முதல் வரிசையில் நிற்கிறது, சிறுநீரே சிவப்பாகப் போகும், இதயத்துக்கு ஆகாது என்பதால் வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. 2002இல் ஜெம்சிடபின், டோசிடாக்செல் கூட்டு 34 பேரில் 53 விழுக்காட்டினருக்குக் கட்டியைச் சுருக்கியது என்று வந்தபோது பெரிய உற்சாகம். பின்னர் பிரிட்டனில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது டாக்ஸோரூபிசினைவிட அது மேலில்லை. பஸோபனிப் மாத்திரைக்கு 2012இல் அனுமதி, ட்ரபெக்டெடினுக்கு அமெரிக்காவில் 2015இல். மற்றப் புற்றுநோய்களில் கொண்டாடப்படும் நோய் எதிர்ப்பு மருந்துகள் இங்கே எடுபடவில்லை. நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த 12 கர்ப்பப்பை லெயோமயோசார்கோமா நோயாளிகளில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

உண்மையான முன்னேற்றம் பிரான்சிலிருந்து வந்தது. எல்.எம்.எஸ். 04 சோதனையில் 150 பேர், அதில் 67 பேருக்குக் கர்ப்பப்பை நோய். டாக்ஸோரூபிசினோடு ட்ரபெக்டெடினையும் முதலிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் முன்னேறாமல் நின்ற காலம் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமானது, 2024இல் வந்த இறுதிக் கணக்கில் சராசரி ஆயுள் 24 மாதத்திலிருந்து 33. குணமாகவில்லை, ஆனால் இந்த நோயில் ஒன்பது மாதம் கூட்டிக்கொடுத்த மருந்து அதற்கு முன் இல்லை. பக்கவிளைவு கடுமை, ரத்த அணுக்கள் விழுந்துவிடும், எல்லா உடம்பும் தாங்காது. அதோடு கட்டியை மரபணுச் சோதனைக்கு அனுப்புவது இப்போது பயனுள்ளது, பி.ஆர்.சி.ஏ.2 மரபணு பழுதான சிலருக்கு ஒலாபரிப் வகை மாத்திரைகள் வேலை செய்கின்றன.

ரீட்டுக்கு இதில் பலது கிடைக்கும் முன்பே காலம் முடிந்துவிட்டது. நோய் திரும்பத் திரும்ப வந்தது, முதுகெலும்புக்கும் போனது, ஒவ்வொரு முறையும் அறுவை, கதிர்வீச்சு, மருந்து. 2017 மே 24 அன்று பென்சில்வேனியாவில் வீட்டில் இறந்தார், வயது 44.

மற்ற அரிய வகைகள், சுருக்கமாக

சார்கோமா என்றாலே லெயோமயோசார்கோமா என்று நினைத்துவிடக்கூடாது, வைத்தியம் தலைகீழாக மாறும். கர்ப்பப்பைப் புற்றுநோய்களில் சார்கோமாக்கள் எல்லாம் சேர்ந்தே 3 முதல் 7 விழுக்காடுதான், அதற்குள் இத்தனை பிரிவு. குறைந்த தர எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா (உள்வரிச் சவ்வின் தாங்கு திசுவில் பிறப்பது) மெதுவாக வளரும், ஹார்மோனுக்குக் கட்டுப்படும். புரோஜெஸ்டின் அல்லது லெட்ரோசோல் மாத்திரையிலேயே பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் உண்டு. இவர்களுக்கு மாதவிடாய் நின்ற தொந்தரவுக்கென்று ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ, மார்பகத்துக்கென்று டமாக்ஸிஃபெனோ கொடுத்துவிடக்கூடாது, நெருப்பில் எண்ணெய். இதில் பெரும்பாலும் ஜாஸ்எஃப்1, எஸ்.யு.இசட்12 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், சந்தேகமான ரிப்போர்ட்டில் அதைத் தேடிப் பார்த்தால் தெளிவாகும். உயர்தர வகை வேறு மரபணு ஒட்டுகளோடு வரும், வேகமாகப் பரவும். கார்சினோசார்கோமா பெயரில்தான் சார்கோமா, பிறப்பால் சவ்வில் வரும் கார்சினோமாவே. அதற்கு பாக்ளிடாக்செல், கார்போபிளாட்டின். ஆகவே ரிப்போர்ட்டில் 'சார்கோமா' என்ற ஒரு சொல்லை வைத்து மருந்து தொடங்குவது கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கு.

நம்ம ஊர் வாசகர்களுக்கு

தமிழ்நாட்டிலும் ஃபைப்ராய்டுக்கு லேப்ராஸ்கோப்பி சர்வசாதாரணம். பயந்து யாரும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படித்த பெரும்பாலானவர்களுக்கு இருப்பது வெறும் ஃபைப்ராய்டுதான். டாக்டரிடம் மட்டும் நேராகக் கேளுங்கள், 'எப்படி வெளியே எடுப்பீங்க டாக்டர், முழுசாவா, துண்டு போட்டா? துண்டு போட்டா பைக்குள்ள வச்சா?' என்று. வயிற்றுக்குள் ஒரு பையை விரித்து அதற்குள் கட்டியைப் போட்டு வெட்டும் முறைக்கு எஃப்.டி.ஏ. 2016இல் ஒரு பைக்கு அனுமதி கொடுத்தது, கொடுக்கும்போதே இது புற்றுநோய் பரவுவதைக் குறைக்கும் என்று நிரூபணமாகவில்லை என்றும் சேர்த்தே எழுதியது. 2020 டிசம்பரிலிருந்து, மார்சலேட்டர் போடுவதென்றால் பையோடுதான், அதுவும் பொருத்தமான நோயாளிக்கு மட்டும் என்பது அவர்கள் பரிந்துரை. வயது ஐம்பதைத் தாண்டியவர், மாதவிடாய் நின்றவர் என்றால் துண்டு போடும் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்வேன், தழும்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் இருக்கட்டும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நம் வீடுகளில் நடப்பது என்ன? தையல் பிரித்தாயிற்று, கஞ்சி, ஓய்வு, பயாப்ஸி ரிப்போர்ட் ஃபைலில் எங்கோ ஒரு மூலையில். அதை வாங்கி, 'ஃபைப்ராய்டு' என்ற சொல்லுக்கு முன்னால் பின்னால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'செல் மிகுந்த', 'வினோதமான உட்கரு', 'ஸ்டம்ப்' என்ற மாதிரி எதுவும் வந்தால் அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். சார்கோமா என்று வந்தால் அடுத்த கீமோ தேதிக்கு முன்னால், சார்கோமா அதிகம் பார்க்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் இரண்டாவது பேத்தாலஜி கருத்து வாங்குங்கள். அதற்கு ரிப்போர்ட் தாள் போதாது. மெழுகில் பதித்த திசுக் கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் வேண்டும். 'பிளாக் கொடுங்க, ஸ்லைடு கொடுங்க' என்று லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். எந்த லேபும் அவற்றைக் காலத்துக்கும் வைத்திருக்காது, ஆகவே தாமதிக்க வேண்டாம்.